அதிர்ச்சியில் இறந்தவர்

ஆம்பூர்,
ஜூன் 30

அன்புத் தங்கை ஜாஸ்மினுக்கு,

அண்ணன் இளம்பரிதி எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் போன் கிடைக்கவில்லை, வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. கணியம்பாடிக்கு அடித்தால் உன் மாமியார் சவுரியம்மாள் அத்தை, "அவ ட்யூட்டிக்குப் போய்க்கிறா"ன்னு சொல்லிக் கட் பண்ணிவிடுகிறார். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நம் மாபெரும் தலைவர் வடக்கே பிரசார மேடையில் சுட்டுக் கொல்லப்பட்ட அந்தக் கறுப்பு நாளில், இந்தியத் திருநாடே கண்ணீர்க் கடலில் மூழ்கிய அந்த மாலையில், மாப்பிள்ளை ஜோசுவாவும் நம்மை விட்டுப் போய்விட்டார். ஆனால் அவர் சாவு வீண்போகவில்லை, தங்கச்சி. தலைவர் மறைந்த செய்தி கேட்டு அதிர்ச்சியில் உயிர் நீத்தவர்களின் பட்டியலைக் கட்சி வெளியிட்டிருக்கிறது. வேலூர்ப் பக்கத்துப் பெயர்களில் மாப்பிள்ளை பெயர்தான் முதலில். பஸ் ஸ்டாண்டு எதிரில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறோம். பார்க்கிறவர்கள் எல்லாம் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

இரண்டு விஷயம். ஸ்டேஷனில் ஒரு வாக்குமூலம் பாக்கி இருக்கிறது. கம்பெனி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வரும்போது போனில் செய்தி பார்த்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், வண்டி ஓரக் கட்டையில் மோதிக் கண்ணாடி உடைந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நீ கையெழுத்துப் போட்டால் கேஸ் முடிந்தது. யாருக்கும் தொல்லை இல்லை.

அடுத்தது, ஜூலை 20 அன்று தலைவரின் அஸ்தி கலசம் ஆம்பூர் வருகிறது. பாலாற்றில் கரைக்கிறோம். நீயும் அத்தையும் மேடையில் உட்கார வேண்டும். மாவட்டச் செயலாளர் பெருமாள் அண்ணன் தன் கையால் உனக்குச் சால்வையும் கட்சி நிதியும் தருவார். தியாகக் குடும்பம் என்று ஊரே எழுந்து நிற்கும்.

மறுக்காதே.

உன் அண்ணன்,
இளம்பரிதி


கணியம்பாடி,
ஜூலை 4

அண்ணா,

போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் சின்ன வயதிலிருந்தே நான் மடங்கிவிடுவேன். அதனால்தான் போனில் உன் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறேன். கடிதத்தில் கண்ணீர் வராது, நீ எழுது, நானும் எழுதுகிறேன்.

உன் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். தினமும் பார்க்கிறேன். நான் வேலைக்குப் போகிற ஷூ கம்பெனி பஸ் அதைத் தாண்டித்தானே போகிறது. அதே பஸ்தான் அண்ணா. முன்கண்ணாடியை மாற்றிவிட்டார்கள், டிரைவரையும் மாற்றிவிட்டார்கள். சீட் அதேதான்.

அமிர்தி அருவிக்குப் போனபோது நீயே எடுத்த போட்டோ அது. என்னை வெட்டிவிட்டு அவரை மட்டும் போட்டிருக்கிறாய். வெட்டியவனுக்கு அவசரம் போலிருக்கிறது, என் கை மட்டும் வளையலோடு அவர் தோளில் தொங்குகிறது. உடம்பு இல்லாத கை. நீயோ பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் கும்பிட்டபடி நிற்கிறாய், அவரைவிட இரண்டு மடங்கு பெரிசாக. செத்தது அவரா நீயா என்று புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

அதிர்ச்சியில் செத்தாராம். அந்த மனுஷன் உன் தலைவர் பேச்சு டி.வி.யில் வந்தால் பாட்டு சேனல் மாற்றுகிறவர். அவரைக் குளிப்பாட்டியது நானும் அத்தையும். வலது நெற்றிப்பொட்டுக்கு மேலே என் கட்டைவிரல் இறங்குகிற அளவு பள்ளம். அதிர்ச்சி பள்ளம் போடுமா அண்ணா? நெஞ்சு வலி வந்தவன் தலைமுடியில் கண்ணாடித் தூள் எதற்கு வரும்?

கல் என்னிடம் இருக்கிறது. உனக்குத் தெரியாது இல்லையா? பஸ்ஸில் இரண்டாவது சீட்டில் இருந்த மீனாம்பாள் அக்கா, எங்கள் ஃபினிஷிங் செக்ஷன் அக்கா, டிரைவர் சீட்டுக்குக் கீழே கிடந்ததை எடுத்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தது. நான் கழுவவில்லை. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். "இன்னாமா இது, ரோட்ல கெடக்கிற கல்லு, இதக் கொண்டாந்து டேபிள் மேல வெக்கிற"ன்னார் எஸ்.ஐ. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

அன்று போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் உடம்பை வாங்கித் தந்தாய். அறுக்காமல் வாங்கித் தந்தானே என் அண்ணன் என்று உன் கையைப் பிடித்து அழுதேன். எதை மறைக்க வாங்கித் தந்தாய் என்று இப்போது தெரிகிறது. 

கையெழுத்துப் போட மாட்டேன். உன் மேடைக்கும் வர மாட்டேன்.

ஜாஸ்மின்


ஆம்பூர்,
ஜூலை 9

ஜாஸ்மின்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. யாரோ உனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் தங்கை இப்படிப் பேசுகிறவள் இல்லை.

கொஞ்சம் நிதானமாக யோசி. செத்தவர் திரும்ப வரமாட்டார். எறிந்தவன் எவன் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்று ரோட்டில் நூறு பேர் நின்றார்கள். வெளியூர்ப் பசங்களும் இருந்தார்கள். நாடு முழுக்க இப்படித்தான் நடந்தது, ரயிலையே கொளுத்தினார்கள். தலைவரைச் சுட்டுவிட்டார்கள் என்றால் பசங்களுக்கு ரத்தம் கொதிக்காதா?

இப்போது கட்சிக்கு அனுதாப அலை அடிக்கிறது. தள்ளி வைத்த தேர்தல் அடுத்த மாதம் வருகிறது. இந்த நேரத்தில் நம் ஆட்களே கல்லெறிந்து ஒரு தொழிலாளியைக் கொன்றார்கள் என்று ஒரு பேப்பரில் வந்தால் போதும், எல்லாம் போச்சு. தலைமை தினமும் போன் பண்ணுகிறது. பக்கத்து மாவட்டத்தில் அதிர்ச்சி மரணம் ஏழு, உங்களிடம் ஏன் நாலுதான் என்று பெருமாள் அண்ணனைக் கேட்கிறார்களாம். அவர் என்னைப் போட்டுப் பிடுங்குகிறார். எனக்கும் பேஜார்தான், யாரிடம் சொல்வேன்? நகரச் செயலாளர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. எனக்குக் கிடைத்தால் உனக்கில்லாததா? சத்துணவு அமைப்பாளர் வேலை வாங்கித் தருகிறேன். வாழ்நாள் முழுக்க ஷூ தைத்துக்கொண்டே இருக்கப்போகிறாயா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. தப்பு மாப்பிள்ளை மேலும் இருக்கிறது. தலைவர் செத்த அன்று பஸ்ஸின் முன்னால் செருப்புத் தோலைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்தால் எவனுக்குத்தான் ஆத்திரம் வராது? துக்கத்துக்குத் தோலைக் கட்டுகிறவனை எங்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா? அவர் நல்ல மனுஷன்தான், ஆனால் அன்றைக்குப் புத்தி போய்விட்டது.

20ஆம் தேதி காலையில் கார் அனுப்புகிறேன். வெள்ளைப் புடவை நானே எடுத்துவிட்டேன்.

அண்ணன்


கணியம்பாடி,
ஜூலை 15

சேவியர் அண்ணா,

ஞானஸ்நானத்தில் அப்பா வைத்த பெயரில் கூப்பிடுகிறேன். மேடைக்காக அதை இளம்பரிதி என்று மாற்றிக்கொண்டாய். அது உன் இஷ்டம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்தக் கடிதம் மேடைக்கு இல்லை.

தோல் கட்டியிருந்தார் என்பதே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அன்று நான் வேலைக்குப் போகவில்லை, வண்டி வொர்க்ஷாப்புக்குப் போய்க் கழுவி வந்த பிறகுதான் பார்த்தேன், அதில் ஒன்றும் இல்லை. கல்லை மட்டும் கொடுத்த மீனாம்பாள் அக்கா மற்றதைச் சொல்லவில்லை. இன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். முதலில், "விடு கண்ணு, கூடப் பொறந்தவன்"னு மழுப்பியது. நான் விடவில்லை. அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ அங்கேதான் நின்றாய், எங்காவது தப்பு இருந்தால் திருத்து.

"கம்பெனி கேட் தாண்டறதுக்குள்ள ரோடெல்லாம் டயர் எரியுது. ஜோசுவா வண்டிய ஓரங்கட்டிட்டு யாருக்கோ போன் போட்டுச்சு. ஸ்பீக்கர்ல தான் பேசிச்சு. 'மச்சான், பஸ்ல நாப்பது பொம்பளைங்க இருக்காங்க, எப்டி வர்றது'ன்னு கேட்டுச்சு. அந்தப் பக்கம் உங்க அண்ணன் கொரலு. 'கறுப்புக் கொடி கட்டியிருந்தா விட்ருவாங்க மாப்ள'ன்னுச்சு. 'கறுப்புத் துணிக்கு நான் எங்க போறது மச்சான்'னு இது கேட்டுச்சு. 'கறுப்பா எதையாச்சும் கட்டிக்கினு வா மாப்ள. நான் ரோட்லதான் நிக்கிறேன். பாத்துக்கறேன்'னுச்சு. ஸ்டியரிங்குக்கு ஒற போடறதுக்குக் கட்டிங் செக்ஷன்ல கேட்டு வாங்கி வெச்சிருந்துச்சு பாரு ஒரு துண்டுத் தோலு, நல்ல கறுப்பு. அத எடுத்து மிரர் கம்பியில கட்டிச்சு. காத்துல ஆடல, வெறப்பா நின்னுச்சு. நாங்க சிரிச்சோம் கண்ணு. சிரிச்சோம். 'எக்ஸ்போர்ட் குவாலிட்டிக் கொடி'ன்னு அதுவும் சிரிச்சுச்சு. அப்பறம் ரோட்ல, 'தலைவர் செத்ததுக்கு செருப்ப கட்டிக்கினு வர்றான்டா'ன்னு ஒருத்தன் கத்துனான். அவ்ளோதான். கல்லு பட்டதும் ஸ்டியரிங்க விடல அது. எங்களக் கவுக்காம ஓரத்துல சாத்திட்டுத்தான் தல சாஞ்சுச்சு. உங்க அண்ணன் அங்கதான் நின்னுக்கினு இருந்துச்சு. வெள்ள வேட்டி."

அண்ணா, ஷூ கம்பெனி பஸ்ஸில் கறுப்பாக வேறு என்ன இருக்கும்? பட்டுத் துணியா இருக்கும்? நம் ஊரில் அந்தத் தோலைத் தொடாத கை எது? அப்பா தோல் பதனிடுகிற ஷெட்டில் சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று கால் வெடித்துச் செத்தார். அந்தத் தோல்தான் உனக்கு ஸ்கூல் பீஸ் கட்டியது, எனக்கு நகை போட்டது. அன்று ரோட்டில் நின்ற நூறு பேர் வீட்டிலும் ஒருத்தர் தோல் வேலைதான். அது என்றைக்கு அண்ணா கேவலமாச்சு? தலைவர் செத்த அன்றைக்கு மட்டும் நாறுகிறதா?

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். உன் பதவி, சத்துணவு வேலை, வெள்ளைப் புடவை எதுவும் வேண்டாம். "இது என் மாப்பிள்ளை ஓட்டும் பஸ், நான்தான் கட்டச் சொன்னேன்" என்று அந்த இடத்தில் நீ வாயைத் திறந்து சொன்னாயா இல்லையா?

கார் அனுப்பாதே. வந்தால் கண்ணாடி உடையும்.

ஜாஸ்மின்


ஆம்பூர்,
ஜூலை 24

ஜாஸ்மின்,

சொல்ல வாய் வரை வந்தது. கர்த்தர் சாட்சியாக வந்தது.

பெருமாள் அண்ணன் என் பக்கத்தில் நின்றார். கம்பியில் தொங்கிய தோலைப் பார்த்து, "செருப்பு தைக்கிறவன் புத்தி செருப்புலதான்டா நிக்கும்"னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாயால் எப்படிச் சொல்வது, அவன் என் தங்கச்சி புருஷன் என்று? நானும் அந்த வீட்டுப் பிள்ளைதான் என்று? பதினைந்து வருஷமாக அவர்களோடு ஒரே வண்டியில் போகிறேன், ஒரே இலையில் சாப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு என் இடம் தெரிந்துவிட்டது. அதற்குள் கல் போய்விட்டது.

இதை எழுதியதும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. நமக்குள்ளேயே இருக்கட்டும். கிழித்துப் போடு.

20ஆம் தேதி நல்லபடியாக முடிந்தது. நீ வராதது குறைதான். பாலாற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது, உனக்குத் தெரியாததா. ஷெட்டுகளிலிருந்து வருகிற கழிவுதான் நடுவில் நுரைத்துக்கொண்டு கிடக்கிறது. அதில் தலைவர் அஸ்தியைக் கரைத்தால் டி.வி.யில் நன்றாக இருக்காது என்று பெருமாள் அண்ணன் டேங்கர் லாரி வரவழைத்தார். மணலில் பள்ளம் தோண்டி, பிளாஸ்டிக் ஷீட் விரித்து, தண்ணீர் நிரப்பி, பூவெல்லாம் தூவி, அதில் கரைத்தோம். கேமராவில் நதி மாதிரியே இருந்தது. கூட்டம் கலைந்த பிறகு ஷீட்டைச் சுருட்டும்போதுதான் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாம்பல் தண்ணீர் கழிவு ஓடைக்குள்தான் போனது. வெளியே சொல்லாதே. முடிந்ததும் எல்லாருக்கும் பிரியாணி போட்டார்கள், அங்கேயே கரையில்.

இன்னொன்று, வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உனக்கென்று போட்ட நாற்காலி காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்றார்கள். கூட்டத்துக்கு வந்த ஒரு பொம்பளைக்கு அந்த வெள்ளைப் புடவையைக் கட்டி, முக்காடு போட்டு உட்கார வைத்தார்கள். பெருமாள் அண்ணன் சால்வை போர்த்தும்போது நன்றாகவே அழுதாள். பேப்பரில் முகம் தெரியவில்லை. உனக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை.

மாப்பிள்ளை கல்லறைக்குப் பளிங்குக் கல் வைத்துவிட்டோம். "தலைவர் மறைவுச் செய்தி கேட்டு அதிர்ச்சியில் இன்னுயிர் நீத்த செயல்வீரர்" என்று பொன் எழுத்து. கீழே உபயம் என்று என் பெயர் சின்னதாக. எனக்கு நகரச் செயலாளர் பதவி வந்துவிட்டது.

அண்ணன்


கணியம்பாடி,
ஆகஸ்ட் 21

அண்ணா,

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். உன் கடிதத்தை வாசலில் உட்கார்ந்து படித்தேன். வீட்டுக்குள் படித்தால் அத்தை கேட்பார்களே என்றுதான் வாசலுக்குப் போனேன். ஆனாலும் கேட்டார்கள். முழுவதும் படித்துக் காட்டினேன்.

உன்மேல் கோபம் என்றால் இத்தனை நாளில் ஆறியிருக்கும். இது கோபம் இல்லை. சாக்கடை அடைத்துக்கொண்டால் கையை விடும்போது வருமே, அது. நீ சிரித்ததை எழுதினாய் பார், அதற்காகக்கூட ஒரு நாள் உன்னை மன்னித்திருப்பேன். பயத்தில் சிரிக்கிற ஜனம்தான் நாம். ஆனால் அதை எழுதி மனசு லேசாக்கிக்கொண்டு, அதே பேனாவில் பதவி வந்ததையும் எழுதினாய். என் புருஷனுக்காக அழ ஆள் வைத்தாய். த்தூ.

என் துக்கத்தை எவளோ ஒருத்தி உட்கார்ந்து அழுதுவிட்டுச் சால்வை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவளைக்கூட நான் திட்டமாட்டேன், சோத்துக்கு இல்லாமல் வந்திருப்பாள். ஒருவேளை உன் மேடையில் நிஜமாக அழுதவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

வேலூரில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். மேகலா என்று பெயர். கேட்டுவிட்டு, "கல்லு ஒண்ணே போதாதும்மா. கல்லும் அந்தப் பள்ளமும் சேரணும். ஒடம்பு மண்ணுக்குள்ள இருக்கு. தோண்டி எடுத்து டாக்டர் பாக்கணும், மனு போடலாமா"ன்னார்கள்.  சாமியார் ஜெபித்துப் புதைத்த கல்லறையை அத்தை தொட விடுவார்களா? பிள்ளை எலும்பைப் பார்க்கச் சொல்லி ஒரு தாயிடம் எப்படிக் கேட்பது?

 மூன்று நாள் கழித்து, நீ அவரைப் புதைக்க வைத்த ஆம்பூர் கல்லறைக்கு அத்தையைக் கூட்டிக்கொண்டுபோய் உன் பளிங்கைக் காட்டினேன். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. நானே படித்தேன், உபயம் வரைக்கும். அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்கள். அப்புறம் சொன்னார்கள்.

"அறுக்காம பொதைக்க வெச்சான் உங்க அண்ணன். நல்லது பண்ணான்னு நெனச்சேன். எம் புள்ள இந்தப் பொய்ய நெஞ்சு மேல போட்டுக்கினு படுத்துக்கிறான்டி. எடு. நான் கைநாட்டு வெக்கிறேன்."

மனுவில் முதல் கைநாட்டு அத்தையுடையது. அப்புறம் என் கையெழுத்து. அப்புறம் பஸ்ஸில் இருந்த பெண்கள். நாற்பது பேரும் வரவில்லை, வேலை போய்விடும் என்று பயம். வந்தது பதினோரு பேர். மீனாம்பாள் அக்கா இருக்கிறது. வாணியம்பாடி வஹீதா இருக்கிறாள், புருஷன் வேண்டாம் என்று சொல்லியும் வந்தாள். உன் மாவட்டச் செயலாளரின் ஆட்கள் இரண்டு தடவை அக்கா வீட்டுக்கு வந்து, "எலெக்சன் வரைக்கும் சும்மா இருங்கம்மா"ன்னு சொல்லிவிட்டுப் போனார்கள். "எலெக்சன் முடிஞ்சா மண்டையில இருக்கிற ஓட்ட மூடிக்குமா"ன்னு அக்கா கேட்டதாம்.

உத்தரவு வந்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமை காலையில் கோட்டாட்சியர் முன்னால் தோண்டுகிறார்கள். தாசில்தார் வருவார், டாக்டர் வருவார். பங்குச் சாமியாரும் வந்து ஜெபம் பண்ணுகிறேன் என்றிருக்கிறார். உன் பளிங்குக் கல்லைத்தான் முதலில் பெயர்ப்பார்கள். பொன் எழுத்து வீணாகப் போகும், வேண்டுமானால் வந்து எடுத்துக்கொண்டு போ. பின்பக்கம் வழவழப்பாகத்தான் இருக்கிறது, அடுத்து எவனாவது அதிர்ச்சியில் செத்தால் உதவும்.

உன் கடிதங்களை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. எனக்கு வேண்டியது உன் எழுத்து இல்லை, உன் வாய். அன்று ரோட்டில் திறக்காத அந்த வாயை வியாழக்கிழமை கோட்டாட்சியர் முன்னால் திற. "நான்தான் கட்டச் சொன்னேன், எறிந்தவர்கள் இன்னார்" என்று சொல். சொன்னால் உன் பதவி போகும், பெருமாள் அண்ணன் வண்டியில் இடம் போகும். அவ்வளவுதான். ஜோசுவாவுக்குப் போனது அதைவிட ஜாஸ்தி.

நீ வந்தாலும் வராவிட்டாலும் அவர் வெளியே வருவார். கல்லறை ரோட்டில் அன்று உன் கட்சிப் பசங்கள் நிற்பார்களாம், உள்ளே யாரையும் விடமாட்டார்களாம், கேள்விப்பட்டேன். அதற்கெல்லாம் பயப்படாதே.

கறுப்பா எதையாச்சும் கட்டிக்கினு வா அண்ணா. நான் ரோட்லதான் நிக்கிறேன். பாத்துக்கறேன்.

ஜாஸ்மின் ஜோசுவா